கம்பு எத்தனை நாள் மழையில்லாமல் தாங்கும்?

விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி, பாதி கரிசல், பாதி செவல் என்கிற செம்மண் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக மக்காச்சோளம் போட்டு, கதிர் வாங்கும் நேரத்தில் மழை நின்று காய்ந்துவிட்டது. கம்பு மழையே இல்லாமல் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அது உண்மையா, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறீர்கள். மூன்றாவது வருடமும் போட்ட காசு மண்ணோடு போய்விடுமோ என்ற பயம்தான் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று புரிகிறது. அதனால் கம்பின் பெருமையைப் பேசாமல், அது எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்பதை எழுதுகிறேன். கம்பு ஆராய்ச்சித் திடல்களில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான், அதில் பாதிக்கு மேல் மானாவாரிதான்.

மழையே இல்லாமல் எந்தத் தானியமும் வராது. விதைத்ததிலிருந்து அறுவடை வரை கம்புக்குச் சுமார் 250 முதல் 350 மி.மீ. தண்ணீர் வேண்டும், அது மழையாக வரலாம், மண்ணில் ஏற்கனவே இறங்கிய ஈரமாகவும் இருக்கலாம். மக்காச்சோளத்துக்கு 500-க்கு மேல் வேண்டும். இந்த வித்தியாசம் உண்மையானது, பெரியது. ஆனால் எத்தனை நாள் என்பதற்கு ஒரே எண் சொல்ல முடியாது. மழையில்லாத அந்த நாட்கள் பயிரின் எந்த வயதில் வந்து விழுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூப்பதற்கு முன்னால் என்றால், நல்ல கரிசலில் மூன்று வாரத்துக்கு மேல் மழை இல்லாமல் போயும் கம்பு மீண்டு வந்து மகசூல் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பூத்த பிறகு என்றால் மெலிந்த செவலில் பத்து நாளே அதிகம்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வழக்கமாகச் சொல்லும் காரணம் உங்கள் விஷயத்தில் பொருந்தாது. கம்பு 'சி-4' வகைத் தாவரம், இலைத்துளையை அதிகம் திறக்காமலே காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், அதனால் தண்ணீர் மிச்சம் என்பார்கள். சரிதான், நெல்லோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயம். ஆனால் மக்காச்சோளமும் சி-4 தானே? அப்படியிருந்தும் உங்கள் நிலத்தில் அது காய்ந்தது. அப்போது வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. நான் பார்த்தவரை அது மூன்று இடத்தில் இருக்கிறது: எத்தனை நாளில் முடிக்கிறது, எத்தனை கதிர் விடுகிறது, எப்படிப் பூக்கிறது.

மக்காச்சோளத்துக்கு ஒரு தண்டு, பெரும்பாலும் ஒரு கதிர். ஆண் பூ உச்சியில், பெண் பூவின் பட்டு நூல் இடுப்பில். மண் காய்ந்தால் ஆண் பூ வழக்கம்போல மகரந்தத்தைக் கொட்டிவிடும், பட்டு நூல் மட்டும் பிந்திப்போகும். நூல் வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வாரம் தவறினால் வருடமே தவறியது. கம்பு வேறு மாதிரி. கதிர் குருத்தை விட்டு வெளியே வந்ததும் அதை உற்றுப் பாருங்கள், மேலிருந்து கீழாக வெள்ளை மயிர் படர்ந்ததுபோல் சூல்முடிகள், அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண் பாகம், முதலில் நீட்டிக்கொண்டு வரும். அதே கதிரின் மகரந்தப்பை வெளிவர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை சூல்முடி அக்கம்பக்கத்துக் கதிர்களின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு கதிருக்கு ஆயிரக்கணக்கில் பூ, ஒரு செடிக்கு மூன்று நாலு தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு, ஒவ்வொரு தூரும் முந்தியும் பிந்தியும் பூக்கும். எல்லாம் ஒரே நாளில் ஏமாறாது.

தூர் விஷயம்தான் கம்பின் உயிர். ஒரு வருடம் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு விவசாயி நிலத்தில் கம்பு 25 நாள் வயதில் இருந்தபோது மழை நின்றது. மூன்றரை வாரம் ஒரு தூறல்கூட இல்லை. நான் போனபோது தாய்த்தண்டில் விரல் நீளத்துக்குக் கதிர் வந்து, பாதி மணி இல்லாமல் வெளிறிக் கிடந்தது. அவர் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்துவிடலாம் என்ற முடிவில் இருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி அடியைப் பிளந்து பார்த்தோம். இரண்டு பக்கத் தூர்கள் குருத்து பச்சையாக, வளராமல் அப்படியே காத்துக்கொண்டு இருந்தன. இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் ஒரு இரவு மழை. அந்தத் தூர்கள்தான் பிறகு ஒரு சாண் நீளத்துக்குக் கதிர் விட்டன. அறுவடையை இரண்டு தடவையாகச் செய்ய வேண்டியிருந்தது, வழக்கமான மகசூலில் முக்கால் பங்கு கிடைத்தது. மழை பெய்யாமலே போயிருந்தால் என் பேச்சைக் கேட்டு அவர் தீவனத்தையும் இழந்திருப்பார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் குருத்து பச்சையாக இருக்கும்வரை கம்பை உழுதுவிட அவசரப்படக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இது என் ஒரு அனுபவம் மட்டும் இல்லை. ஐதராபாத் பக்கத்தில் பட்டான்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980-களில் மழையில்லாத கோடையில் பயிர் வைத்து, வேண்டிய வயதில் பாசனத்தை நிறுத்திப் பார்த்தார்கள். பூப்பதற்கு முன் நிறுத்தினால் தாய்க்கதிர் இழந்ததைத் தூர்க்கதிர்கள் பெருமளவு ஈடுகட்டின. பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் நிறுத்தினால் ஈடுகட்ட எதுவும் மிஞ்சவில்லை, மகசூல் பாதிக்கும் கீழே போகலாம். இந்த இரண்டாவது வகைக்குக் கடைசிக்கால வறட்சி என்று பெயர். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கதிரின் நீளம் பூப்பதற்கு முன்பே முடிவாகிவிடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் நிலம் நிறையக் கதிராகத் தெரியும். கதிரை விரலிடுக்கில் வைத்து உருவிப் பார்த்தால்தான் தெரியும், மணி சிறுத்து, நுனி குறுகி, பாதி சாவியாக, அதாவது பதராக இருக்கும்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். உங்கள் பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது, டிசம்பர் நடுவில் மெலிந்துவிடுகிறது. நீங்கள் அக்டோபர் 10-இல் மக்காச்சோளம் போட்டிருந்தால் அது பூக்க 55 முதல் 60 நாள், அதாவது டிசம்பர் முதல் வாரம் தாண்டி. மணி முற்ற ஜனவரி கடைசி. மழை கிளம்பிப் போகும் நேரத்தில் அது தண்ணீர் கேட்க ஆரம்பிக்கிறது. உங்களுக்கு இரண்டு வருடமும் ஒரே இடத்தில் அடி விழுந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 85 நாள் கம்பை அதே அக்டோபர் 10-இல் போட்டால் நவம்பர் கடைசி வாரம் பூக்கும், பொங்கலுக்கு முன் களத்துக்கு வந்துவிடும். 75 நாள் ரகம் என்றால் இன்னும் பத்து நாள் முன்னால். கம்பு வறட்சியோடு மல்லுக்கட்டி ஜெயிப்பதைவிட, வறட்சி வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போகிற பயிர். அந்தக் கணக்கு பொருந்தினால் அது உங்களைக் காப்பாற்றும். மார்கழி தொடக்கத்தில் பூக்கிற மாதிரி பிந்திப் போட்டால் கம்பும் மக்காச்சோளம்போலத்தான் காயும்.

இந்த அவசரம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கம்பு சஹாராவின் தெற்கு விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம், சுமார் 4,500 வருடங்களுக்கு முன் வீட்டுப்பயிரானது. அங்கே மழை இரண்டு மூன்று மாதம், அவ்வளவுதான். இந்தியாவில் இன்றும் கம்புப் பரப்பில் பாதிக்கு மேல் ராஜஸ்தானில் இருக்கிறது. பார்மர், ஜோத்பூர் பக்கம் ஜூலை முதல் மழையில் போட்டு, செப்டம்பரில் மழை போகும்போது அறுக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்காக அரியானாவில் 1990-இல் வெளியிட்ட எச்.எச்.பி. 67 என்ற ஒட்டுக் கம்பு (இரண்டு வம்சங்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ரகம்) 65 நாளுக்குள் முற்றிவிடும். பெரிய மகசூல் தருவதில்லை. ஆனாலும் அங்கே விவசாயிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், மோசமான வருடத்திலும் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்கும் என்பதால்.

வேர் பற்றி இனி. கம்பு வேர் ஆழமாகப் போகும், மண் விட்டால் ஒன்றரை மீட்டருக்கும் கீழே போகும், இது உறுதி. ஆனால் கடைசிக்கால வறட்சியைத் தாங்கும் கம்பு ஆழமான வேரால்தான் தாங்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடம் ஒருமித்த பேச்சு இல்லை. கடந்த பதினைந்து இருபது வருட ஆய்வுகளில் வேறொன்று தெரியவந்தது. வறட்சி தாங்கும் கம்பு வம்சங்கள் இளம் வயதிலேயே, மண்ணில் ஈரம் நிறைய இருக்கும்போதே, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன, உச்சி வெயிலில் காற்று வறளும்போது இலைத்துளையைச் சுருக்கிக்கொள்கின்றன. அப்படி மிச்சம் பிடித்த ஈரம் மணி பிடிக்கும்போது கிடைக்கிறது. எனக்கு இந்த விளக்கம் சரியாகப் படுகிறது, நான் பார்த்த நிலங்களோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆழமில்லாத செவலில் இப்படி மிச்சம் பிடிக்க மண்ணில் இடமே இல்லை. உங்கள் கரிசலில் ஒரு மீட்டர் ஆழத்தில் பிடிக்கிற ஈரத்தில் பாதிகூடச் செவலில் பிடிக்காது. அதனால் இரண்டு மண்ணுக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். செவலுக்குக் குறுகிய வயது ரகம், கரிசலை விடக் கொஞ்சம் முந்தி விதைப்பு. செவலில் மூன்று அடி தோண்டுவதற்குள் சரளை வந்துவிட்டால் அங்கே தானியத்தை நம்பாமல் பாசிப்பயறு மாதிரி 65 நாள் பயிரைப் போடுங்கள். உங்கள் நிலத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது, ஒரு குழி தோண்டிப் பார்த்துவிடுங்கள்.

விதைப்பில் பலரும் தவறு செய்வது ஆழத்தில். கம்பு ஆயிரம் மணி எடை போட்டால் பத்து கிராம் அளவுதான். அதற்குள் இருக்கிற உணவை வைத்து அது இரண்டு மூன்று செ.மீ. தான் முட்டிக்கொண்டு மேலே வர முடியும். சோளத்தைப்போல ஆழமாகப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் புழுதி விதைப்பு இதற்கு ஒத்துவராது என்பது என் கருத்து. மேலாகப் போட்டால் ஒரு சிறு தூறலில் முளைத்துச் செத்துவிடும், ஆழமாகப் போட்டால் வராது. ஒரு நல்ல உழவு மழை பெய்து, மண் பதமானதும் போடுங்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. முளைத்த மூன்றாவது வாரத்துக்குள் செடிக்குச் செடி அரை அடி இருக்கும்படி களைந்துவிடுங்கள். பச்சையாக இருக்கிற செடியைப் பிடுங்க மனசு வராது, தெரியும். ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாச் செடியும் சேர்ந்து நவம்பரிலேயே ஈரத்தைக் குடித்து முடித்துவிடும். நைஜர் நாட்டு மணல் நிலங்களில் ஒரு எக்டேருக்குப் பத்தாயிரம் குழிக்கும் குறைவாகத்தான் விதைக்கிறார்கள், கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு ஒரு குழி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடி. அங்கேயே இன்னொரு வழக்கமும் பரப்பினார்கள்: குழிக்கு ஒரு சோடா பாட்டில் மூடி அளவு உரம், விதையோடு சேர்த்து. அந்த மண்ணில் பல வருடங்களில் தண்ணீரை விட மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை. மணிச்சத்து கிடைத்தால் வேர் சீக்கிரம் இறங்கும், பூப்பும் முந்தும். நம் நிலத்துக்கு அப்படியே எடுத்துவர வேண்டாம், ஆனால் மானாவாரி என்பதால் உரமே வேண்டாம் என்று விடுவது தவறு. அடியுரத்தை வரிசையில் விதைக்குப் பக்கத்தில் கொடுங்கள், மண் பரிசோதனை செய்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டு ரகமா, ஒட்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 10 ஒரு கூட்டு ரகம், அதாவது பல வம்சங்கள் கலந்து பரவலாக மகரந்தம் மாறிய ரகம், 85 முதல் 90 நாள், விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். கோ 9 ஒட்டு, 75 முதல் 80 நாள், விதையை வருடாவருடம் வாங்க வேண்டும். ஒட்டு நல்ல மழையில் அதிகம் கொடுக்கும், அதில் விவாதமில்லை. கூட்டு ரகத்தில் செடிக்குச் செடி வித்தியாசம் இருப்பதால் பூப்பு பரவலாக, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு நீளும். நடுவில் கொஞ்ச நாள் மழையில்லாமல் காய்ந்தால் எல்லாம் மாட்டாது. மானாவாரிக்கு இதனால் கூட்டு ரகம்தான் பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன், ஆனால் இது என் சாய்வு, நல்ல குறுகிய வயது ஒட்டை வைத்து இதற்கு எதிராக வாதாடும் நண்பர்களும் உண்டு. ஒரே மாதிரியான பயிரின் ஆபத்துக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1965-இல் லூதியானாவில் வெளியிட்ட எச்.பி.1 தான் நாட்டின் முதல் ஒட்டுக் கம்பு. மகசூல் எகிறியது. அடுத்த ஐந்தாறு வருடத்தில் அந்த வரிசை ஒட்டுகள் ஒரே தாயிலிருந்து வந்தவை என்பதால் அடிச்சாம்பல் நோயில் சேர்ந்து விழுந்தன, கதிர் மணியாகாமல் இலைக்கொத்தாகப் போனது. அதனால் எந்த ரகம் வாங்கினாலும் அடிச்சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

வீடியோக்களில் சொல்லாத இன்னொன்று: உங்கள் விதைப்புப் பருவத்தில் கம்புக்கு வறட்சி மட்டும் எதிரி இல்லை, மழையும் எதிரி. நவம்பர் நடுவில் பூக்கும்போது தொடர்ந்து நாலு நாள் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவிப் போகும். காத்துக்கொண்டிருக்கும் அந்தச் சூல்முடி வழியாகவே தேன் ஒழுகல் நோய்ப் பூஞ்சை உள்ளே போகும். கதிரில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று சொட்டும், எறும்பும் ஈயும் மொய்க்கும், பிறகு மணிக்குப் பதில் கருப்பாக ஒரு கட்டி நீட்டிக்கொண்டு வரும். அந்தக் கட்டி கலந்த தானியத்தைச் சாப்பிட்டால் வாந்தி, தலைசுற்றல் வரும், மாட்டுக்கும் ஆகாது. விதைக்கு முன் பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் கட்டியும் சாவியும் மிதக்கும், அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி நிழலில் உலர்த்திப் போடுங்கள். கரிசலில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் அங்கே கம்பு வேண்டாம், இரண்டு நாள் வேர் மூழ்கினாலே மஞ்சளாகிவிடும். குருவி, கிளி விஷயத்தையும் லேசாக எடுக்காதீர்கள். சுற்றுவட்டாரத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கம்பு போட்டால் ஊர்ப் பறவை எல்லாம் உங்கள் நிலத்துக்குத்தான் வரும். பக்கத்துக்காரர்கள் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு போடுங்கள்.

மகசூல் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மானாவாரியில் ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ என்று எதிர்பாருங்கள், நல்ல வருடத்தில் கூடும். நல்ல மழை பெய்த வருடத்து மக்காச்சோளத்தோடு இதை ஒப்பிட்டால் மனசு ஆறாது, வாங்குபவர்களும் மக்காச்சோளத்துக்கு இருக்கிற அளவு வாசலுக்கு வரமாட்டார்கள். விதைப்பதற்கு முன்பே எங்கே விற்பது என்று விசாரித்துவிடுங்கள். மணியாகவே விற்கப் பாருங்கள், மாவாக வேண்டாம். கம்பில் கொழுப்பு ஐந்து சதம் அளவு இருப்பதால் அரைத்த மாவு சில நாளிலேயே கசக்கும். செலவு பக்கம் பார்த்தால் விதை, உரம், மருந்து எல்லாம் சேர்த்தும் மக்காச்சோளத்தை விட மிகக் குறைவு, படைப்புழுத் தொல்லையும் அந்த அளவு இல்லை. அதனால் கெட்ட வருடத்தில் இழப்பதும் குறைவு. மாட்டுத் தீவனமாகிற தட்டையும் (கம்பந்தண்டு) கணக்கில் சேரும். வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு செத்ததை உங்கள் ஊரில் யாராவது பார்த்திருப்பார்கள், அந்த நஞ்சு கம்பில் கிடையாது. ஆனால் மழையில்லாமல் வாடி நின்ற கம்புக்குத் திடீரென்று மழை கிடைத்தால் அடித்தண்டில் நைட்ரேட் சேரும், அதுவும் மாட்டைக் கொல்லும். மழை பெய்த உடனே அறுக்காமல் ஒரு வாரம் பத்து நாள் விட்டு, அடியில் ஒரு சாண் விட்டு அறுத்துப் போடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாலு ஏக்கரையும் ஒரே நாளில் மாற்றமாட்டேன். கரிசலில் ஒரு ஏக்கர் 85 நாள் ரகம், செவலில் ஒரு ஏக்கர் 75 நாள் ரகம், இடையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. மிச்சத்தில் உங்களுக்குப் பழகிய பயிர். விதைத்த தேதி, ஒவ்வொரு மழையின் தேதி, பாதிச் செடியில் கதிரில் வெள்ளை மயிர் தெரிந்த தேதி, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறுவடை முடிந்ததும் இங்கேயே வந்து அந்தத் தேதிகளைப் போடுங்கள், அடுத்த புரட்டாசிக்கு விதைப்பை எத்தனை நாள் முன்னே பின்னே நகர்த்துவது என்று அதை வைத்துச் சேர்ந்து கணக்குப் போடலாம்.